வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்து ஊர் திரும்பியவர்களுக்கு: எஃப்எம்ஜிஇ தேர்வுக்குக் கொள்குறி வினாக்களை வைத்துப் படிக்கும் முறை

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் திரும்பி, இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வை எங்கிருந்து தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெல்லிக்கோ ஹைதராபாத்துக்கோ போய் விடுதியில் தங்கிப் படித்தால்தான் தேற முடியும் என்று உங்களிடமும் பலர் சொல்லியிருப்பார்கள். நான் வீட்டிலிருந்தபடியே படித்துத் தேறினேன். ஆனால் ஆவணம், கட்டணம், படிக்கும் முறை என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரைத் தேடிப்போய், ஒன்றுக்கொன்று முரணான பதில்களைக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொள்குறி வினா என்பது பாடத்தைப் படிப்பதற்கான குறுக்குவழி இல்லை. எது தெரியவில்லை என்பதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. இந்த நோக்கத்தோடு பயன்படுத்தினால் 8,000 வினாக்களே போதும். இந்த நோக்கம் இல்லாவிட்டால் 20,000 வினாக்களைப் போட்டாலும் மதிப்பெண் அசையாது.

1. தேர்வின் கணக்கை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மருத்துவ அறிவியலுக்கான தேசியத் தேர்வு வாரியம் இத்தேர்வை ஆண்டுக்கு இருமுறை, பொதுவாக ஜூன், டிசம்பர் பருவங்களில் நடத்துகிறது. மொத்தம் 300 வினாக்கள். காலையில் 150, பிற்பகலில் 150. ஒவ்வொரு பகுதிக்கும் 150 நிமிடம். அதாவது வினாவுக்கு ஒரு நிமிடம். 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

பாடவாரியான ஒதுக்கீட்டை வாரியமே வெளியிட்டிருக்கிறது. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஆகியவற்றுக்குத் தலா 17, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜிக்குத் தலா 13, ஃபாரன்சிக்குக்கு 10. இவை சேர்ந்து 100. மீதி 200-இல் பொது மருத்துவம் 33, அறுவை மருத்துவம் 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30, குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை ஆகியவற்றுக்குத் தலா 15. மனநலம், தோல், கதிரியக்கச் சிகிச்சை, கதிரியக்க நோயறிதல், மயக்கவியல், எலும்பியல் ஆறுக்கும் தலா 5.

இந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். மகப்பேறு, சமூக மருத்துவம், குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை ஆகிய ஐந்தும் சேர்ந்து 105. அவற்றோடு பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜியைச் சேர்த்தால் 144. ஏறத்தாழப் பாதித் தேர்வு இந்த எட்டுப் பாடங்களில் அடங்கிவிடுகிறது. முதலாமாண்டுப் பாடம் என்பதற்காக அனாடமியில் தொடங்கி, இரண்டு மாதம் நரம்புகளின் கிளைகளிலேயே தங்கிவிடுவதுதான் வீட்டிலிருந்து படிப்பவர்களில் பெரும்பாலோர் விழும் குழி. இந்த எட்டில் தொடங்கி, பிறகு மருத்துவம், அறுவை என்று போய், அடிப்படைப் பாடங்களை அவற்றின் ஊடாகவே திரும்பப் பார்ப்பதுதான் சரியான வரிசை என்பது என் தீர்மானமான கருத்து.

2. ஆவணங்களைப் படிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்

விண்ணப்ப நேரத்தில் ஓடலாம் என்று விட்டுவைத்தால், படிப்பு உச்சத்தில் இருக்க வேண்டிய மாதம் ஆவணங்களுக்கே போய்விடும். கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள், நீட் தகுதி மதிப்பெண் அட்டை, எம்பிபிஎஸ் பட்டம் அல்லது தற்காலிகச் சான்று, எல்லா ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல். 2018 முதல் வெளிநாட்டில் சேர்ந்தவர்களுக்கு நீட் தேர்ச்சி கட்டாயம். அந்த அட்டை தொலைந்திருந்தால் இப்போதே தேடி எடுத்துவிடுங்கள்.

பட்டச் சான்று, படித்த நாட்டிலேயே அப்போஸ்டில் (பிற நாடுகளிலும் செல்லுபடியாகும்படி அந்நாட்டு அரசு தரும் சான்றொப்பம்) செய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது அங்குள்ள இந்தியத் தூதரகத்தால் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் அப்போஸ்டில் முறை உண்டு. ஊருக்கு வந்தபின் இதைச் செய்ய முயன்றால் முகவர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும். செலவும் பல மடங்காகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். இன்னும் அங்கே இருப்பவர்கள் இதை வாசித்தால், விமானம் ஏறும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். சான்று ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பையும் சான்றுடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பள்ளிச் சான்றில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து முதலெழுத்து இருக்கும்; பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும்; பல்கலைக்கழகமோ இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு வடிவத்தை அச்சடித்திருக்கும். இந்த வேறுபாடு இருந்தால், இவை அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தில் நிரப்புங்கள்.

தேதியும் முக்கியம். ஜூன் பருவத்துக்கு ஏப்ரல் 30, டிசம்பர் பருவத்துக்கு அக்டோபர் 31 என்பதே பட்டப்படிப்பின் இறுதி முடிவு வந்திருக்க வேண்டிய கடைசி நாளாக இருந்துவருகிறது. விண்ணப்பத்தில் பதிவேற்றும் புகைப்படம், கையொப்பம், பெருவிரல் ரேகை ஆகியவற்றில் குறை இருந்தால் திருத்த ஒரு குறுகிய கால அவகாசம் தருவார்கள். அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. ஆகவே தினமும் திறக்கும் மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். கணினி மையத்துக்காரரின் முகவரியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

3. செலவைத் திட்டமிடுங்கள்

அண்மைய அறிவிக்கைகளில் தேர்வுக் கட்டணம் 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் சேர்த்து 6,195 ரூபாய். ஒவ்வொரு முறை எழுதும்போதும் இதை மீண்டும் கட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பருவத்தின் அறிவிக்கையில் உள்ள தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு கேள்வி வங்கிச் சந்தாவும் காணொலி வகுப்பும்தான். இரண்டும் சேர்ந்த தொகுப்பைத்தான் விற்பனையாளர்கள் முன்வைப்பார்கள். வகுப்பு தேவைப்படாத பாடங்கள் உங்களுக்குப் பல இருக்கும். கேள்வி வங்கியை மட்டும் வாங்க வாய்ப்பிருந்தால் அதையே வாங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே கணக்கை வாங்குவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான செயலிகள் கருவிக் கட்டுப்பாடு வைத்திருப்பதால் தேர்வு நெருங்கும் வாரத்தில் கணக்கு முடங்கும் ஆபத்து இருக்கிறது. அதைவிட மோசமானது, டெலிகிராமில் இலவசமாகக் கிடைக்கிறது என்று பழைய கோப்புகளை இறக்கிப் படிப்பது. அதன் தீங்கை அடுத்த படியில் சொல்கிறேன்.

வீட்டில் அமைதி இல்லாதவர்களுக்கு இரண்டு மாவட்டங்களிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவதால் நூலகம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போதே அந்த வாரத்துக்குரிய பகுதிகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அன்றைக்குத் தாளில் செய்யக்கூடிய வேலையை ஒதுக்கி வைத்தால் நாள் வீணாகாது.

4. பழைய விடைகளை நம்பாதீர்கள்

வாரியம் தன் வினாத்தாள்களை வெளியிடுவதில்லை. ‘கடந்த ஆண்டு வினாக்கள்’ என்று கிடைப்பவை எல்லாம் எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. எந்தத் தலைப்பிலிருந்து கேட்கிறார்கள் என்பதை அறிய அவை நன்றாக உதவும். ஆனால் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யத் தகுந்தவை அல்ல. ஒரு வினாவில் ஒரு சொல் மாறினால் விடையே மாறிவிடும்.

இன்னொரு பக்கம், சரியாகவே நினைவுகூரப்பட்ட பழைய வினாவுக்கும் இன்று விடை வேறாக இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கான தண்டனை 302-ஆம் பிரிவிலிருந்து 103-க்கும், கவனக்குறைவால் நேரும் மரணம் 304 ஏ-இலிருந்து 106-க்கும் மாறிவிட்டன. எண் மட்டும் மாறவில்லை: கொடுங்காயம் என்பதற்கு முன்பு 20 நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலை செய்ய இயலாமை என்றிருந்தது, இப்போது 15 நாள். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தும் தேவை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 2023 முதல் 9-ஆம் மாதத்தில் ஊசி வழிப் போலியோ மருந்தின் மூன்றாவது தவணை சேர்ந்திருக்கிறது. நெஞ்சறையில் காற்று அடைத்து நுரையீரலை அழுத்தும் டென்ஷன் நியூமோதோரக்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஊசி செலுத்தும் இடம் இரண்டாம் விலா இடைவெளி என்று பழைய கோப்புகள் சொல்லும். இப்போது ஐந்தாம் இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது, குழந்தைகளுக்கு மட்டும் இரண்டாம் இடைவெளியே தொடர்கிறது.

ஆகவே இலவசக் கோப்பு என்பது உண்மையில் இலவசம் அன்று. சட்டம், தேசியத் திட்டம், தடுப்பூசி, அவசரச் சிகிச்சை ஆகிய நான்கிலும் ஒவ்வொரு விடையையும் அது எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்த பிறகே குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

5. ஒவ்வொரு நாளும் வினாக்களைக் கையாளும் விதம்

ஆறு மாத அவகாசம் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 வினாக்கள் போதும். காலையில் 50 வினாக்களை 50 நிமிடத்தில், நேரம் ஓட, விடையைப் பார்க்காமல் முடியுங்கள். அதன்பின் விளக்கத்தைப் படிக்கக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த விகிதம் தலைகீழாகும்போதுதான் எண்ணிக்கை கூடி அறிவு கூடாமல் போகிறது.

விளக்கத்தைப் படிக்கும்போது சரியான விடை ஏன் சரி என்பதோடு நிறுத்தாமல், மற்ற மூன்றும் எந்த வினாவுக்கு விடையாக வரும் என்று உங்களையே கேளுங்கள். ஒரு வினாவிலிருந்து நான்கு வினாக்கள் இப்படித்தான் கிடைக்கின்றன. ஊகித்துச் சரியாக வந்த விடைகளையும் தவறுகளோடு சேர்த்துவிடுங்கள். தேர்ந்தெடுக்கும்போதே ‘உறுதி’, ‘ஊகம்’ என்று குறித்துக்கொண்டால் பிறகு உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வழியிருக்காது.

தவறுகளுக்குத் தனிக் குறிப்பேடு வையுங்கள். அதில் வினாவைப் படியெடுக்க வேண்டாம். தெரியாமல் போன ஒரு செய்தியை ஒரே வரியில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். வரியின் ஓரத்தில் தவறின் காரணத்தைக் குறியுங்கள். காரணங்கள் மூன்றுதான்: பாடமே தெரியாதது, இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொண்டது, வினாவைச் சரியாக வாசிக்காதது. முதல் வகைக்கு மட்டுமே புத்தகத்தைத் திறக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒரு சிறு அட்டவணை போட்டால் போதும். மூன்றாம் வகைக்குப் படிப்பு மருந்தாகாது. வாசிக்கும் பழக்கம் மாற வேண்டும். அடுத்து உடனே செய்ய வேண்டியது, முதலில் செய்யும் பரிசோதனை, மிக உறுதியான பரிசோதனை, முழுமையான சிகிச்சை என்பவை ஒரே நோயாளியைப் பற்றிய நான்கு வெவ்வேறு வினாக்கள். டென்ஷன் நியூமோதோரக்ஸில் உடனே செய்ய வேண்டியது ஊசியால் காற்றை வெளியேற்றுவது, முழுமையான சிகிச்சை நெஞ்சுக் குழாய் இடுவது; எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது இரண்டிலும் தவறு. ‘தவிர’ என்று முடியும் வினாக்களில் அந்தச் சொல்லைக் கண்டதும் கையிலுள்ள தாளில் ஒரு பெருக்கல் குறி போடும் வழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பேட்டை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திறங்கள். வெறுமனே வாசிக்காமல், வரியின் பிற்பாதியைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள். மூன்று முறையும் வந்துவிட்ட வரியை அடித்துவிடலாம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் குறிப்பேட்டில் அடிக்கப்படாத வரிகள் மட்டுமே படிக்க வேண்டியவையாக இருக்கும்.

முதல் மூன்று மாதம் பாடவாரியாகப் போட்டாலும், நான்காம் மாதத்திலிருந்து எல்லாப் பாடங்களையும் கலந்து போடுங்கள். கண் மருத்துவ வினாக்களை மட்டுமே தொடர்ந்து போடும்போது, எந்தப் பாடத்து வினா என்பதைக் கண்டுபிடிக்கும் உழைப்பை மூளை செய்வதில்லை. தேர்வில் முதலில் தேவைப்படுவது அந்த உழைப்புதான்.

6. நம் மாவட்டங்களையே பாடமாக்கிக்கொள்ளுங்கள்

வெளிநாட்டில் படித்தவர்களுக்குச் சமூக மருத்துவமும் நச்சியலும் அன்னியமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே இந்திய நோய்களை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நமக்கோ அவை வீட்டு வாசலில் இருக்கின்றன.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடு இருக்கும் பெரியவர்களைப் பார்க்காதவர் யார்? நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதியாக இருந்ததால்தான் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கப்படும். ஃப்ளூரைடை நீக்கும் நல்கொண்டா முறையில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்ப்பார்கள். ஃப்ளூரைடு மிகுதியால் வரும் எலும்பு ஃப்ளூரோசிஸில் எலும்புகளுக்கு இடையேயான சவ்வில் சுண்ணமேற்றம் தெரியும். இந்த மூன்று செய்திகளும் மூன்று வினாக்கள். ஊரில் அந்தப் பற்களைப் பார்த்தவருக்கு இவை மறக்க வாய்ப்பில்லை.

பாம்புக்கடியும் அப்படியே. கொட்டகையில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுகிறார், இமை தொங்குகிறது, கடித்த இடத்தில் வீக்கமே இல்லை என்றால் அது கட்டுவிரியன். காலில் பெருவீக்கம், ஈறில் இரத்தம், 20 நிமிட முழு இரத்த உறைதல் சோதனையில் இரத்தம் உறையவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் கண்ணாடிவிரியன். நாகத்தின் நஞ்சுக்கு நியோஸ்டிக்மின் என்ற மருந்து நன்றாக வேலை செய்யும். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையின் முன்பக்கத்தைத் தாக்குவதால் அந்த அளவுக்குப் பலன் தராது. நச்சுமுறி மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. நம்மிடம் கிடைக்கும் பன்முக நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது.

வேலியோரத்து மஞ்சள் அரளி விதையைத் தின்றவருக்கு நாடித்துடிப்பு குறைந்து, இதய மின்தடை ஏற்பட்டு, பொட்டாசியம் உயரும். ஒடுவந்தழை என்ற நச்சு இலையைத் தின்றவருக்கு மாறாகப் பொட்டாசியம் குறைந்து, சிறுநீரகக் குழல் சார்ந்த அமிலத்தேக்கம் வரும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து போதுமா என்பதைக் கண்மணியின் அளவை வைத்து முடிவு செய்யாமல், நுரையீரலின் ஈரம் தெளிவதை வைத்து முடிவு செய்ய வேண்டும். இவற்றைப் பாடம் என்ற நினைப்பில்லாமல், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரக்கூடிய ஒருவரின் கதையாக எழுதிப் படியுங்கள்.

ஆனால் இந்த ஆர்வத்தில் ஒரு எல்லையைத் தாண்டிவிடாதீர்கள். படிக்கும் காலத்தில் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு வரச்சொல்லிக் கேட்பார்கள். வீட்டுச் செலவுக்கு உதவுமே என்று தோன்றும். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஐந்தாறு ஆண்டு உழைப்பை இதற்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

7. கடைசி இரண்டு மாதங்கள்

ஞாயிறுதோறும் ஒரு கிராண்ட் டெஸ்ட், அதாவது முழு மாதிரித் தேர்வு, எழுதுங்கள். காலை 9 முதல் 11.30 வரை ஒரு பகுதி, பிற்பகல் 2 முதல் 4.30 வரை மறு பகுதி என்று தேர்வு நேரத்திலேயே எழுதுங்கள். உணவுக்குப் பின் வரும் சோர்வில் எத்தனை மதிப்பெண் போகிறது என்பது இப்படி எழுதினால்தான் தெரியும். அந்தப் பருவத்தின் அறிவிக்கையில் வினாக்கள் நேரப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அதே பிரிவுகளோடு பயிலுங்கள். ஒரு பிரிவு முடிந்தபின் அதற்குத் திரும்ப முடியாது என்ற சூழலுக்குக் கை பழக வேண்டும்.

எதிர்மதிப்பெண் இல்லாததால் ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். 100 வினாக்கள் உறுதியாகத் தெரிந்து மீதி 200-ஐக் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக 50 கிடைக்கும் என்று கணக்குச் சொல்லும். சராசரி என்பதால் அதற்குக் கீழே போகும் வாய்ப்பும் அதே அளவு இருக்கிறது. அதை நம்பி உட்காரக் கூடாது. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்த வினாக்களோ பாதிக்குப் பாதி சரியாகும். ஆகவே கிராண்ட் டெஸ்டில் மொத்த மதிப்பெண்ணைவிட, ‘இரண்டை நீக்க முடிந்தது’ என்று குறித்த வினாக்கள் வாரந்தோறும் கூடுகின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து 180-ஐத் தொடும் வரை தேர்வுக்குத் தயார் என்று கருத வேண்டாம். தேர்வறையின் பதற்றத்தில் 20 மதிப்பெண் குறைவது இயல்பு.

8. தேர்வு நாள்

மைய நகரத்தைத் தேர்வு செய்யும்போது அறிவிக்கையின் பட்டியலில் சேலம் இருந்தால் தருமபுரிக்காரர்களுக்கு அதுவே நல்லது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்தான். ஆனால் அத்திப்பள்ளி தாண்டியபின் காலை நெரிசலைக் கணிக்க முடியாது. தேர்வு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே, அதாவது 8.30-க்கே, வாயில் மூடிவிடும். ஆகவே முந்தைய இரவே மையத்தின் அருகில் தங்கிவிடுங்கள். அறை வாடகையைத் தேர்வுச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அச்சிட்டுப் புகைப்படம் ஒட்டிய நுழைவுச் சீட்டும், மூல அடையாள ஆவணமும் போதும். பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்வது நல்லது. கைக்கடிகாரம், கைபேசி, மோதிரம், கம்மல், சங்கிலி எதற்கும் அனுமதி இல்லை. மூக்குத்தியை அன்று காலை கழற்ற முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். முந்தைய நாளே வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரண்டு பகுதிகளுக்கும் இடையே வெளியில் நிற்கும் கூட்டத்தில் காலை வினாக்களைப் பற்றிய பேச்சு நடக்கும். அதிலிருந்து விலகி, தயிர்ச்சோறோ இட்லியோ எளிதாகச் சாப்பிட்டு, குறிப்பேட்டில் அடிக்கப்படாத வரிகளை மட்டும் ஒருமுறை புரட்டுங்கள். முடிவு வந்தபின் தேர்ச்சிச் சான்று, மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பயிற்சி மருத்துவர் இடம் என்று அடுத்தடுத்த அலுவல்கள் இருப்பதால், நுழைவுச் சீட்டையும் விண்ணப்பப் படியையும் மற்ற ஆவணங்கள் இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.